கேரட்டின் பங்காளிகள்

கள்ளக்குறிச்சியில் கேரட் வேண்டுமென்றால் காய்கறிக் கடைக்குப் போக வேண்டும். அதன் பங்காளிகளைப் பார்க்க மளிகைக் கடைக்குப் போக வேண்டும். சீரகம், சோம்பு, தனியா, ஓமம், பெருங்காயம் எல்லாம் கேரட்டோடு ஒரே குடும்பம். சதகுப்பையும் அதே வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அதைக் கேட்டால் நாட்டு மருந்துக் கடைப் பக்கம் கைகாட்டி விடுவார்கள். இன்னொரு பங்காளி யார் தயவும் இல்லாமல், விதைப்பார் இல்லாமல், ஈரம் கண்ட இடத்தில் தானே படர்ந்து கிடக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் ஓடையோரங்களிலும் நெல்வயல் வரப்புகளிலும் குனிந்து தேடினால் கண்ணில் படும். வல்லாரை.

தாவரவியலார் இந்தக் குடும்பத்துக்கு ஏபியேசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 400-க்கும் மேற்பட்ட பேரினங்கள், ஏறக்குறைய 3,700 இனங்கள். பெரிய வம்சம்தான். இவற்றில் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க உதவும் அடையாளம் பூவில் இருக்கிறது. மாடித் தொட்டியில் கொத்தமல்லி போட்டு, பறிக்க மறந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒருநாள் தண்டு விறுவிறுவென்று உயர்ந்துவிடும். இலைகள் நூலாக மெலியும். உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து நாலைந்து காம்புகள் குடைக்கம்பிகள் போல விரியும். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் இன்னொரு குட்டிக் குடை. அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கள். சீரகத்துக்கும் சோம்புக்கும் கேரட்டுக்கும் இதே குடைதான். நிறமும் அளவும் மட்டும் மாறும்.

இரண்டாவது அடையாளம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு முழு மல்லியை எடுத்து விரல்களுக்கிடையே வைத்து மெல்ல அழுத்துங்கள். சரிபாதியாகப் பிளக்கும். இரண்டு பாதிகளும் உட்பக்கம் குழிந்திருப்பதால் நடுவே வெற்றிடம். நாம் விதை என்று சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் ஒரு காய்ந்த கனி. முற்றியதும் இரண்டாகப் பிரிந்து, பாதிக்கு ஒரு விதை வீதம் போய்ச் சேர்வதற்காக அமைந்தது. மல்லி விதைக்கும் விவசாயிகள் இதைப் பாடப்புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தேய்த்து உடைத்த மல்லியைத்தான் அவர்கள் நிலத்தில் தூவுவார்கள். ஓமத்தையோ சோம்பையோ ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் வரிகள் ஓடுவது தெரியும். அந்த வரிகளின் ஊடே, தோலுக்கடியில், எண்ணெய்க் குழல்கள் படுத்திருக்கின்றன. ரசம் மணப்பது அந்தக் குழல்கள் உடைவதால்தான். ஓமத்தில் தைமால், சோம்பில் அனித்தோல், சீரகத்தில் குமினால்டிஹைடு, தனியாவில் லினலூல். நமக்கு வாசனை, அந்தச் செடிக்கோ பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டும் ஆயுதம். பெருங்காயச் செடி அந்த ஆயுதக் கிடங்கை வேரில் வைத்திருக்கிறது. வேரின் தலைப்பகுதியைக் கீறினால் வடியும் பால்தான் இறுகிப் பெருங்காயமாகிறது. இவ்வளவு சாம்பார் குடிக்கும் நாட்டில் வெகுகாலம் பெருங்காயச் செடி பயிரானதில்லை. இரானிலிருந்து விதை வரவழைத்து, 2020 அக்டோபரில்தான் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் கன்றை நட்டார்கள்.

எல்லாப் பங்காளிகளும் நல்லவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கி.மு. 399-இல் சாக்ரடீஸுக்குக் கொடுக்கப்பட்ட ஹெம்லாக் விஷமும் இந்தக் குடும்பத்துச் செடிதான். அது காட்டுக் கேரட்டைப் போலவே இலையும் குடையுமாக நிற்கும். ஹெம்லாக் தண்டு வழவழப்பாக, ஊதாத் திட்டுகளோடு இருக்கும். காட்டுக் கேரட்டின் தண்டில் முடி இருக்கும். இதைச் சரியாகப் பார்க்காமல் வேரைப் பிடுங்கித் தின்று செத்தவர்கள் ஐரோப்பாவில் உண்டு.

அந்தக் காட்டுக் கேரட், ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை சாலையோரங்களிலும் தரிசுகளிலும் தானாக முளைக்கும் களை. பெயரென்னவோ டாக்கஸ் கரோட்டா, நாம் பொரியல் செய்யும் கேரட்டுக்கும் அதே பெயர்தான், ஒரே இனம்தான். ஆனால் பிடுங்கிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வெளுத்த, நார் பிடித்த, சுட்டுவிரலைவிட ஒல்லியான ஒரு வேர். நாலு நாள் வேகவைத்தாலும் நடுநரம்பு வேகாது. பூ மட்டும் அழகு. வெள்ளைப் பின்னல் துணி விரித்த மாதிரி ஒரு தட்டுக் குடை. பல செடிகளில் அதன் நட்டநடுவில் ஒரே ஒரு பூ மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கும். ஏன் அந்தக் கறை? டார்வின்கூட இதைப் பற்றி யோசித்துவிட்டு, இதனால் செடிக்கு உபயோகம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று முடித்தார். தூரத்திலிருந்து பார்க்கும் பூச்சிக்கு, ‘அங்கே ஏற்கெனவே ஒரு வண்டு உட்கார்ந்திருக்கிறது, சாப்பாடு இருக்கும்’ என்று அது தோன்றலாம் என்பது பிற்காலத்து ஊகம். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் குடை உள்நோக்கிச் சுருண்டு குருவிக்கூடு போல ஆகிவிடும். உள்ளே இருக்கும் காய்களில் கொக்கி முட்கள். ஆட்டு ரோமத்திலோ மனிதனின் வேட்டியிலோ தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். கடையில் வாங்கும் கேரட் விதையில் இந்த முள் இருக்காது. பாக்கெட்டில் அடைப்பதற்கு முன்பே தேய்த்து எடுத்துவிடுகிறார்கள்.

இந்த நார்வேர் எப்படிச் சதைப்பற்றான கிழங்காக மாறியது? கேரட் இரண்டு பருவம் வாழும் செடி. முதல் பருவத்தில் இலை விட்டு, வெயிலைச் சர்க்கரையாக்கி, வேரில் போட்டு வைக்கும். குளிர்காலம் கடந்த பிறகு அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்து ஒரே மூச்சில் பூத்து, விதைத்து, செத்துப்போகும். மகள் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த நகையை முகூர்த்தத்துக்கு முன்பே தூக்கிக்கொண்டு போவது போலத்தான் நாம் கேரட்டைப் பிடுங்குவது. காட்டுச் செடி அவசரக்காரச் செடி. சில சமயம் முதல் ஆண்டிலேயே பூத்துவிடும். மனிதர்கள் பூக்கத் தாமதிக்கும் செடிகளை, வேர் சற்றே பருத்தவற்றை, கொஞ்சம் தித்தித்தவற்றை விதைக்கு விட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தார்கள். பிரான்சில் வில்மோரின் என்ற விதை வணிகக் குடும்பத்தினர் 1830-களில் காட்டுக் கேரட்டை விதைத்துத் தேர்ந்தெடுத்தே சில தலைமுறைகளில் பருத்த வேர் கொண்டுவந்துவிட்டதாக அறிவித்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கேரட்டின் மகரந்தம் பூச்சிகளோடு வந்து கலந்திருக்கும் என்று பிறகு வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம்தான் சரியென்று படுகிறது. காட்டுக் கேரட்டும் தோட்டக் கேரட்டும் எப்போது வேண்டுமானாலும் சம்பந்தம் வைத்துக்கொள்ளும்.

இந்த மாற்றம் நடந்த இடம் மத்திய ஆசியா, இன்றைய ஆப்கானிஸ்தானும் அதைச் சுற்றிய நிலமும். மரபணுக்களை ஒப்பிட்டால் உலகத்துக் காட்டுக் கேரட்டுகளில் அங்குள்ளவைதான் தோட்டக் கேரட்டுக்கு மிக நெருக்கம். கி.பி. 10-ஆம் நூற்றாண்டுக்குள் அங்கே கேரட் பயிராகிவிட்டது. ஆனால் அது நாம் அறிந்த நிறத்தில் இல்லை. ஊதாவும் மஞ்சளும்தான் அந்தக் காலத்துக் கேரட். ஊதா இன்றும் வட இந்தியாவில் ‘காலி காஜர்’ என்ற பெயரில் இருக்கிறது. ஊறவைத்துக் காஞ்சி என்ற புளித்த பானம் செய்வார்கள். ஆரஞ்சு நிறம் மேற்கு ஐரோப்பாவில் மிகப் பின்னால் வந்தது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில்தான் நிலைபெற்றது. டச்சுக்காரர்கள் தங்கள் ஆரஞ்சு அரச குடும்பத்துக்கு மரியாதை செய்வதற்காக அதை உருவாக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை.

அந்த ஆரஞ்சு எப்படி வந்தது என்பதுதான் என்னை உண்மையிலேயே வியக்க வைத்த விஷயம்.

கரோட்டின் என்ற நிறமி கேரட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1831-இல் ஜெர்மானிய வேதியியலர் வாக்கன்ரோடர் அதைக் கேரட்டிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எல்லாப் பச்சை இலைகளிலும் கரோட்டின் உண்டு. வெயில் அளவுக்கு மீறி அடிக்கும்போது இலையின் உள்ளே இருக்கும் நுட்பமான இயந்திரம் பொசுங்கிவிடாமல் காப்பது அதன் வேலை. பச்சையத்தின் அடர்த்தியில் அந்த மஞ்சள் நமக்குத் தெரிவதில்லை. ஆக இது வெளிச்சத்துக்கான சரக்கு. மண்ணுக்கடியில், கும்மிருட்டில் கிடக்கும் வேருக்கு இது எதற்கு? தேவையே இல்லை. அதனால்தான் காட்டுக் கேரட்டின் வேர் வெளுப்பாக இருக்கிறது. இருட்டில் இருக்கும்வரை இந்த உற்பத்தியைத் தொடங்காதே என்று வேரை அடக்கிவைக்கும் மரபணுக்கள் இருக்கின்றன.

2016-இல் கேரட்டின் முழு மரபணுத் தொகை வெளியானது. 9 ஜோடிக் குரோமோசோம்கள், 32,113 மரபணுக்கள், நம்மைவிட அதிகம். அந்த ஆய்வு, வெளிச்சத்தை உணர்ந்து நடந்துகொள்ளும் இயக்கத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைச் சுட்டியது. 2023-இல் 630 கேரட் மாதிரிகளின் மரபணுத் தொகையைப் படித்த இன்னொரு ஆய்வு கணக்கை முடித்து வைத்தது. கேரட் ஆரஞ்சு நிறம் பெற மூன்று மரபணுக்கள் செயலிழக்க வேண்டும். கவனியுங்கள், புதிதாக எதையும் சேர்க்கவில்லை. மூன்று தடைகள் விழுந்தன. தடை விழுந்த வேர் தன்னை இலை என்று நினைத்துக்கொண்டு, இருட்டிலேயே வெயிலுக்கான குடையைத் தைக்க ஆரம்பித்துவிட்டது. வயலில் பார்த்த யாரோ ஒரு ஐரோப்பியத் தோட்டக்காரருக்கு அந்த நிறம் பிடித்துப்போயிருக்கிறது. வைட்டமின் என்ற சொல்லே அப்போது கிடையாது. கண்ணுக்கு அழகாக இருந்தது, விதைக்கு விட்டார், அவ்வளவுதான்.

வேர் இலை வேடம் போடுகிறது என்பதற்கு வயலிலேயே சாட்சி உண்டு. மழையில் மண் அரித்து, கேரட்டின் தோள்பட்டை வெளியே தெரிந்தால் அந்த இடம் பச்சையாகிவிடும். வெயில் பட்டதும் பச்சையம் கட்டி, நிஜமான இலை வேலைக்கே இறங்கிவிடுகிறது. அதனால்தான் கேரட்டுக்கு மண் அணைக்கிறார்கள். கரோட்டினுக்குச் சமையலறைச் சாட்சியும் உண்டு. கேரட்டைத் தண்ணீரில் வேகவைத்தால் தண்ணீர் அதிகம் நிறம் மாறாது. எண்ணெயில் வதக்கினால் எண்ணெய் ஆரஞ்சாகிவிடும். அல்வா கிளறினால் நெய் ஆரஞ்சாகப் பிரியும். கரோட்டின் கொழுப்பில் மட்டும் கரையும். கேரட்டின் செல்லுக்குள் அது படிகப்படிகமாக உறைந்து கிடக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஆரஞ்சு நிறச் சில்லுகள். பச்சையாகக் கடித்துத் தின்பதைவிட நாலு சொட்டு எண்ணெய் விட்டு வதக்கிய பொரியலே உடம்பில் நன்றாகச் சேரும் என்பது இதனால்தான். ஊதாக் கேரட்டின் நிறமியோ நேர்மாறு, தண்ணீரிலேயே கரைந்து சட்டி முழுக்கச் சாயம் ஏற்றும். அந்தக் கேரட் தோற்றுப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சமைப்பவர்கள் எளிதில் நம்புவார்கள்.

சரி, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கென்று கல்வராயன் மலை இருக்கும்போது கேரட் ஏன் ஊட்டியிலிருந்து வர வேண்டும்? உயரம்தான் விடை. கேரட் நன்றாக நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வெப்பம் தோதானது. அதற்குமேல் சூடு ஏறினால் வேர் கட்டையாகும், நிறம் வெளுக்கும், ஒருவித மருந்து வாடை அடிக்கும். அந்த வாடையும் பங்காளிகளின் எண்ணெய்ச் சமாசாரம்தான். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி என்று கணக்கு. அதாவது கள்ளக்குறிச்சியைவிட ஐந்து முதல் ஏழெட்டு டிகிரிதான் குறைவு. ஊட்டியோ 2,240 மீட்டர்; வித்தியாசம் பதினான்கு டிகிரியை நெருங்கும். விதை எடுப்பது அதைவிடக் கஷ்டம். ஐரோப்பிய வகைக் கேரட் பூக்க வேண்டுமானால் 10 டிகிரிக்குக் கீழே பல வாரங்கள் குளிர் பட வேண்டும். ‘குளிர்காலம் கடந்துவிட்டது, இனிப் பூக்கலாம்’ என்று செடி தெரிந்துகொள்வது அந்தக் குளிரை வைத்துத்தான். நம் மலையின் மார்கழி அதற்குப் போதாது. 1819-இல் நீலகிரிக்கு ஏறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸோடு கேரட்டையும் அங்கே கொண்டுபோனார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘ஊட்டி 1’ ரகம் நீலகிரியிலேயே விதை பிடிக்கும்.

கல்வராயனுக்கு வாய்த்த கிழங்கு மரவள்ளி. அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளிதான், ஆனால் வெயிலைத் தாங்கும். மலையிலும் அடிவாரத்திலும் சின்னசேலம் பக்கத்திலும் அதுதான் பயிர்; கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். வேர் என்றால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வெள்ளைவெளேரென்று இருக்கும். மரவள்ளியிலும் கரோட்டின் உள்ள மஞ்சள் சதை ரகங்கள் உண்டு. திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் ‘ஸ்ரீ விசாகம்’ என்று ஒன்றைத் தந்திருக்கிறது. ஆனால் ஜவ்வரிசிக்கு வெண்மைக்குத்தான் விலை. ஐரோப்பாவில் நிறம் பிடித்துப்போனதால் கேரட் மாறியது. இங்கே வெள்ளை பிடித்துப்போனதால் மரவள்ளி மாறாமல் நிற்கிறது. இரண்டையும் தீர்மானித்தது சந்தையின் கண்.

கரோட்டின் ஒன்றும் அலங்காரப் பொருளல்ல. உடம்பு அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. அது குறைந்தால் முதலில் மாலைக்கண், முற்றினால் கருவிழியே உருகிப் பார்வை போகும். கண் மட்டும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். திருச்சி மாவட்டக் கிராமங்களில் மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையின் ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது. ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. ஒரு பகுதிக்கு வாராவாரம் சிறு அளவில் வைட்டமின் ஏ. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. வயிற்றுப்போக்கையும் அம்மையையும் தாங்கும் சக்தியே அந்த வைட்டமினில் இருக்கிறது என்று உலகத்தை நம்பவைத்த ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்தக் கிராமங்களுக்கான விடை கேரட் அல்ல. கண்ணுக்கு நல்லது என்று கேரட்டுக்குக் கிடைத்த பேரில் பாதி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு கிளப்பிவிட்டது. இருட்டில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய கன்னிங்காம் என்ற விமானிக்குக் கேரட் தின்றதால் பூனைக்கண் என்றார்கள். விமானத்தில் இருந்த ராடாரைப் பற்றி மூச்சு விடவில்லை. கொல்லையில் நிற்கும் முருங்கைக்கு அப்படி விளம்பரம் செய்ய எந்த அரசும் முன்வரவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் கரோட்டினில் முருங்கைக்கீரை கேரட்டைத் தாண்டி நிற்கும். கேரட் இலையைப் போல நடித்துச் சேர்த்ததை முருங்கை இலையாகவே இருந்து சேர்த்துவிடுகிறது. கீரையிலிருந்து உடம்புக்குச் சேரும் விகிதம் குறைவு என்பது நிஜம்தான்; எண்ணெய் ஊற்றித் தாளித்தால் கூடும்.

களை என்று தள்ளிய காட்டுக் கேரட்டும் பயிருக்குத் திரும்பி உதவியிருக்கிறது. 1953-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி மங்கர், மசாசூசெட்ஸ் கடற்கரை ஊர் ஒன்றில் வளர்ந்த காட்டுக் கேரட் செடியில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறிப்போயிருந்ததைக் கண்டார். ஆண்மை இழந்த பூ. ஒட்டுரக விதை உற்பத்தி செய்ய அப்படிப்பட்ட தாய்ச்செடிதான் தேவை. தன் மகரந்தம் தன்மேல் விழாது, நாம் விரும்பிய அப்பனை வைத்துக்கொள்ளலாம். இன்று உலகச் சந்தையில் விற்கும் ஒட்டுரகக் கேரட்டுகளில் பெரும்பங்கு இந்தக் குறையைத் தாய்வழிச் சொத்தாகக் கொண்டவை.

வல்லாரை இந்த நாடகங்கள் எதிலும் சேராமல் தனியாக வாழ்கிறது. குடும்பத்திலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பாகம் பிரித்துக்கொண்டு போன கிளை அது. நெடிய குடை கிடையாது. நாலைந்து பொடிப் பூக்கள், இளஞ்சிவப்பில், இலைக்கடியில் தரையோடு தரையாக ஒளிந்திருக்கும். பருத்த வேரும் கிடையாது. ஓடுதண்டு கணுவுக்குக் கணு வேரூன்றிப் படரும். ஆனால் காயைப் பிய்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: மல்லியைப் போலவே இரண்டு பாதி. தேர்வு வந்தால் பிள்ளைகளுக்கு வல்லாரைத் துவையல் அரைத்துப் போடும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. ஞாபகசக்திக்கு அது உதவும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் சேரவில்லை. புண் ஆற்றுவதில் கதை வேறு. மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து 1940-களில் பிரித்தெடுத்த ஆசியாடிகோசைடு என்ற பொருள் காயத்துக்குப் போடும் களிம்புகளில் போய்ச் சேர்ந்தது. இப்போது முகப்பூச்சு நிறுவனங்கள் வல்லாரைக்குப் பின்னால் அலைகின்றன.

ஆக, ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால் ஆப்கன் மலையடிவாரத்தில் கேரட் நின்ற நிலையில் இன்று வல்லாரை நிற்கிறது. பெரும்பாலும் காட்டிலும் வரப்பிலும் பறிக்கிறார்கள்; கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்துக்கு வருகிறது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்கா திவ்யா’, ‘அர்கா பிரபாவி’ என்று இரண்டு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. தேர்ந்தெடுக்கும் முறையில்தான் வேறுபாடு. கேரட்டைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கண் போதும். அழகானதை விதைக்கு விட்டால் வைட்டமின் கூடவே வந்தது. வல்லாரையில் தேடுவது நிறமற்ற ஒரு பொருள். எந்த ஓடைக்கரைச் செடியில் அது அதிகம் என்று பார்த்துச் சொல்ல மலையில் பறிப்பவரின் கண்ணால் முடியாது, அதற்கு ஆய்வகக் கருவி வேண்டும். பறிப்பவரோ இலை பெரிதாக, பழுப்பில்லாமல் இருப்பதைப் பார்த்துக் கட்டுக் கட்டுகிறார். சந்தையில் காசு அதற்குத்தான்.